பிரமிட்டின் கல்லும் தீவகத்தின் முருகைக்கல்லும்

கேள்வி: பிரமிட்டுக்கு வேண்டிய அவ்வளவு கல்லையும் எகிப்தியர் எங்கிருந்து எடுத்தார்கள்?

பதில்: பெரும்பகுதி காலடியிலேயே கிடைத்தது. கீசா மேடே சுண்ணாம்புக்கல். முதலில் எகிப்தியர் நைல் வண்டலைக் குழைத்து, வெயிலில் உலர்த்திய மண்கல்லால்தான் வீடு முதல் அரசர் கல்லறை வரை கட்டினார்கள். கி.மு. 27ஆம் நூற்றாண்டளவில் சோசர் மன்னனுக்காகச் சக்காராவில் எழுந்த படிப்பிரமிட்டோடு செதுக்கிய கல்லின் காலம் தொடங்கியது. அதன் அமைப்பாளராகச் சொல்லப்படுபவர் இம்கொதெப். சுமார் 100 ஆண்டுகளில் கீசாவில் கூஃபு மன்னனின் பிரமிட்டு 146 மீற்றர் உயரத்துக்கு வந்துவிட்டது. கற்கள் ஏறத்தாழ 23 இலட்சம்.

மேலுறையாகப் பதித்த வெள்ளைக்கல் மட்டும் நைலின் எதிர்க்கரையில் உள்ள தூராவில் வெட்டி ஓடத்தில் ஏற்றி வந்தது. அந்த ஓடக்காரர்களின் தலைவன் மெரெர் எழுதிய நாட்குறிப்பு 2013இல் செங்கடல் கரையில், வாடி அல்-ஜார்பில் அகப்பட்டது. எழுத்துள்ள பப்பிரசுத் தாள்களில் இன்று தெரிந்தவற்றுள் மிகப் பழையவை அவை. மன்னன் பெயர் கல்லில் நிற்பது வழக்கம். கல் சுமந்தவனின் கையெழுத்து 4,500 ஆண்டு தாங்கியது பெரிய பேறு.

பிரமிட்டுக் கல்லைப் பற்றி ஒரு பழங்கதையும் உண்டு. அதன் அடியில் பருப்பு வடிவில் குவிந்து கிடந்த கற்சில்லுகள், வேலையாட்கள் தின்று மிஞ்சிய பருப்பு கல்லாகிப் போனவை என்று உள்ளூரார் சொன்னதை, 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கர் ஸ்ட்ராபோ எழுதிவைத்தார். பருப்பல்ல அவை. நான்கு கோடி ஆண்டுகளுக்கும் முன், அந்த நிலம் கடலடியாக இருந்தபோது வாழ்ந்த நும்முலைட்டு என்னும் சிற்றுயிர்களின் ஓடுகள். கூஃபுவின் கல்லறை ஒருவருக்காகக் கட்டியது. அதன் சுவருக்குள் அடங்கிய உயிர்களுக்குக் கணக்கில்லை.

கேள்வி: அப்படியென்றால் யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் முருகைக்கல் மதிலும் பிரமிட்டும் உறவா?

பதில்: நெருங்கிய உறவு. இரண்டும் கடலுயிரின் கூடு. ஆனால் பிரமிட்டைவிட நெருங்கிய உறவு எகிப்திலேயே உண்டு. கர்னாக்கின் தூண்களையும் பாறைக் கல்லறைகளையும் பாடநூல்கள் போதியளவு சொல்கின்றன. பெரெனிகே என்ற செங்கடல் துறைமுகத்தைச் சொல்வதில்லை. உரோமர் காலத்தின் பிற்பகுதியில் அந்த ஊரார் வீட்டுச் சுவரை முருகைக்கல்லால் எழுப்பினார்கள். அங்கேயுள்ள செராபிஸ் கோயில் முற்றத்தில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடந்தது. அதற்கு வடக்கே குசைர் அல்-காதிமில் தமிழ் பிராமியில் கணன், சாதன் என்று பெயர் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. தமிழர் போய் இறங்கிய எகிப்து, பிரமிட்டு எகிப்தைவிட நெடுந்தீவைப் போன்றது.

நெடுந்தீவில் சாந்தே இல்லாமல் முருகைக்கல்லை அடுக்கி வளவுக்கு மதில் வைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தார் பனையோலையிலும் கிடுகிலும் வேலி கட்டும் இடத்தில் தீவார் கல்லை வைத்தார்கள். மாலைதீவில் இதே கல், கடலிலிருந்து எடுத்த ஈரத்தில் அறுத்துக் காயவிட்டு, நுண்ணிய வேலைப்பாடோடு பள்ளிவாசலாயிற்று. மாலேயின் பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளி 1658இல் எழுந்தது.

கேள்வி: அதே தீவகத்தின் ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையைக் கட்டியவர் ஒல்லாந்தரா?

பதில்: அல்ல, போர்த்துக்கேயர். மாலேப் பள்ளி எழுந்த அதே 1658இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். சுற்றிலும் கடல், உள்ளே குடிநீர் இல்லை. முற்றுகை இரண்டு வாரம் நீண்டபோது காவற்படை பணிந்தது. பீரங்கியைவிடத் தாகமே கோட்டையைத் திறந்தது. வென்றவர்கள் பாடம் படித்து, மழைநீர் தேக்கும் தொட்டியும் கல் வளைவும் கட்டினார்கள். பிறகு அது சிறையாயிற்று. இப்போது கடற்படை நடத்தும் விடுதி.

ஆனால் ஊர்காவற்றுறையின் பெருமையைக் கோட்டையில் தேடுவது பிழை. கோட்டைக்கு ஐந்நூறு ஆண்டு முன்னரே, 12ஆம் நூற்றாண்டில், முதலாம் பராக்கிரமபாகு இந்தத் துறையைப் பற்றித் தமிழில் ஆணையிட்டான். சாசனம் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ளது. பிறதேசத்தார் ஊராத்துறையிலே வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குக் காப்பு வேண்டும் என்கிறது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்ற வணிகக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. கப்பல் உடைந்து நிற்பவனுக்கு மூன்று பங்கை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு மன்னனுக்கு யானையும் குதிரையும் வேண்டியிருந்தன. அக்காலக் கப்பல்களின் சாமானில் ஒரு பிடி, ஊர்காவற்றுறை இருக்கும் அதே தீவின் அல்லைப்பிட்டியில் 1977இல் வெளிப்பட்டது: சீனத்துச் சுங் வம்சக் காலப் பாண்டங்களின் உடைவுகள். கோட்டை துறையைக் கட்டவில்லை. துறை இருந்ததால்தான் கோட்டை வந்தது.

கேள்வி: நெடுந்தீவுப் பெருக்கமரம் எகிப்திலிருந்து வந்ததா?

பதில்: பெருக்கமரம் எகிப்தில் இயற்கையாக வளர்வதில்லை, அதன் தாய்நிலம் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆபிரிக்கா. இங்கே கொண்டுவந்தவர்கள் அராபிய வணிகர் என்பது வழிவழியாக வரும் செய்தி. எகிப்துக்கு அதில் வேறொரு பங்கு உண்டு. இத்தாலிய மருத்துவர் ப்ரொஸ்பெரோ அல்பினி இந்த மரத்தின் பழத்தைக் கெய்ரோவில் கண்டார். மரம் தெற்கே, பழம் மட்டும் கடைத்தெருவில். காய்ச்சலுக்கு அதன் மாவைக் கொடுப்பதையும் குறித்துக்கொண்டு 1592இல் வெளியிட்டார். ஐரோப்பியர் எழுத்தில் இந்த மரத்துக்குக் கிடைத்த தொடக்ககால விவரிப்புகளில் ஒன்று அது. நெடுந்தீவு மரம் அடியில் குடைந்து பொந்தாகி, ஆள் நுழைந்து நிற்கக்கூடியதாக இருக்கிறது.