கரையேற்றிய ஒட்டுப்பலகைத் தோணியினுள் பாதுகாப்பாக வேலை செய்தல்

கொடிகாமத்துக்கு அணித்தாயுள்ள கச்சாய், கிளாலி ஆகிய ஊர்கள் யாழ்ப்பாணக் கடல்நீரேரியை அடுத்துள்ளன. நெல், மரக்கறிச் செய்கையோடு சிறு தோணியொன்றையும் வைத்திருக்கும் கமக்காரர், அதனைத் தம் வளவிலேயே செய்யவோ பழுதுபார்க்கவோ நேரிடலாம். ஒட்டுப்பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளைக் கண்ணாடியிழைத் துணியாலும் பிசினாலும் மூடும் முறை, 1980களில் குமரி மாவட்டத்து முட்டம் முதலிய கரைகளில் பரவியது. இம்முறை எளிதாயினும், வேலை செய்வோர் சில விதிகளைக் கைக்கொள்ளல் வேண்டும்.

நீரில் மிதக்கும் தோணியின் அடிப்பாகம் முழுவதையும் நீர் தாங்குகின்றது. நிலத்தில் வைத்த தோணியையோ அடிமரமும் முட்டுகளுமே தாங்குகின்றன. ஆகையால் ஒருவர் ஓரத்தில் மிதித்த மாத்திரத்தில் தோணி சரியக்கூடும். தாங்கலில்லாத இடத்தில் மிதித்தால் மெல்லிய பலகை வெடிக்கவுங் கூடும்.

முட்டுக் கொடுத்தல்

1. காய்க்கும் தென்னை, பனை ஆகியவற்றின் கீழ்த் தோணியை வைத்தலாகாது.

2. மணல் நிலத்தில் முட்டுக்கள் புதையும். ஒவ்வொரு முட்டின் கீழும் அகன்ற பலகையொன்றை இடுதல் வேண்டும்.

3. இரு பக்கங்களிலும், விலாமரங்களுக்கு நேராக முட்டுக் கொடுத்து, விளிம்பைக் கையால் அசைத்துப் பார்த்த பின்னரே உள்ளே இறங்குக.

4. உள்ளே விலாமரங்களின்மேற் குறுக்குப் பலகையிட்டு, அதன்மீது நின்று வேலை செய்க. விளிம்பில் அமர்தலும் இருவர் ஒரே பக்கத்தில் நிற்றலும் கூடாது.

பிசின் பூசுதல்

பொலியெஸ்ரர்ப் பிசினின் ஆவி காற்றிலும் பாரமானது. பானையில் நீர் தங்குவதுபோல அது தோணியின் அடியிலே தங்கும். குனிந்து வேலை செய்வோர் அதனையே சுவாசிப்பர். தலைச்சுற்றும் குமட்டலும் உண்டாகும். தூசியைத் தடுக்கும் துணி, ஆவியைத் தடுக்காது. ஆகையால்,

1. காற்றோட்டமுள்ள வெளியில் வேலை செய்க. தோணியைப் படங்கினால் மூடிக்கொண்டு உள்ளிருந்து பூசலாகாது.

2. பிசினைச் சிறு சிறு அளவாகக் கலக்குக. பெருமளவாகக் கலந்தால் அது சூடேறிப் புகையும். நண்பகல் வெயிலில் இது விரைவில் நிகழும்.

3. இறுகச் செய்யும் திரவத்தையும் கோபாற்று விரைவூக்கியையும் ஒருபோதும் நேரே ஒன்றாகக் கலத்தலாகாது, வெடிப்பு நிகழும். விரைவூக்கியை முதலிற் பிசினுடன் நன்கு கலந்து, பின்னரே மற்றையதைச் சேர்த்தல் வேண்டும்.

4. இறுகச் செய்யும் திரவம் கண்ணிற் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடியும் கையுறையும் அணிக. பட்டுவிட்டால் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாது நன்னீரால் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்க.

5. விளக்கு, சுருட்டு, அடுப்பு ஆகிய நெருப்பு எதுவும் அருகில் இருத்தலாகாது.

6. தனியே வேலை செய்தல் தகாது. தலை சுற்றினால் உடனே வெளியேறுக.

தூசியும் மின்சாரமும்

மணற்கடதாசியால் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் தூசிக் கவசத்தால் மூடுக. ஈரமான தோணியினுள் மின்கருவிகளைப் பயன்படுத்தலாகாது.

வேலை முடிந்தபின்

பிசினையும் திரவங்களையும் பிள்ளைகளுக்கு எட்டாதபடி, பெயரெழுதிய கலங்களிற் பூட்டி வைக்குக. குடிநீர்ப் போத்தல்களில் ஊற்றி வைத்தலாகாது. தோணியைக் கவிழ்த்து வைத்தால் மழைநீர் தேங்காது, நுளம்பும் பெருகாது. அடுத்த முறை முட்டுக்களை மீண்டும் சோதித்த பின்னரே வேலையைத் தொடங்குதல் வேண்டும்.