ஒளியும் நிழலும்

மார்த்தாண்டத்திற்கு வடபால் சில கல் தொலைவில் சிதறால் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்க் குன்றின்மேல், இயற்கையாகவே கவிந்து நிற்கும் பெரும்பாறையில், தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பெற்றுள்ளன. 9-ஆம் நூற்றாண்டளவில் சமணர்களின் உறைவிடமாய் விளங்கிய இக்குன்றினைக் கல்வெட்டுகள் திருச்சாரணத்துமலை என வழங்கும். ஆய்குல வேந்தனாகிய விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டும் ஆங்கு உண்டு.

இச்சிற்பங்களுக்கு வண்ணம் இல்லை. முகத்தின் நிறம் எதுவோ, அதுவே மார்பின் நிறம். பின்னே விரிந்துள்ள பாறையின் நிறமும் அதுவே. அங்ஙனமாயின் முகம் இது, பாறை இது என்று கண் எவ்வாறு பகுத்தறிகின்றது? ஒளி படும் மேடு வெளுத்தும், ஒளி படாப் பள்ளம் கருத்தும் தோன்றுவதனாலன்றோ? ஒளியும் நிழலும் இல்லையேல் அங்கே சிற்பமே இல்லை. சித்திரம் பயிலத் தொடங்கும் மாணவன் கற்கவேண்டிய முதற்பாடம் அப்பாறையிலேயே உள்ளது.

தொடக்க மாணவர் பலர் ஒரு பொருளின் ஓரக்கோட்டை வரைந்துவிட்டாலே படம் முடிந்ததெனக் கருதுகின்றனர். வண்ணம் தீட்டாமல் கோட்டளவில் நிற்கும் ஓவியத்தைப் பண்டைத் தமிழர் புனையா ஓவியம் என்றனர். நெடுநல்வாடையில் இச்சொல் வருகின்றது. அதுவும் அழகுடையதே. ஆயினும் வட்டமாக ஒரு கோடு வரைந்து, 'இது பந்து' என்று மாணவன் கூறினால், 'தட்டு' என்று மற்றொருவன் கூறுவான். இருவர்க்கும் இடையே எழும் வழக்கைத் தீர்க்க வல்லது நிழல் ஒன்றே.

நிழலிடுதற்கு வேண்டும் கருவி மிக எளியது. பென்சிலைக் காரீயக் கோல் என்று சொல்லும் வழக்கம் உண்டேனும், அதனுள் ஈயம் சிறிதும் இல்லை. உள்ளே இருப்பது கிராபைட்டு என்னும் கரிப்பொருள். நம் நாட்டில் சிவகங்கைப் பகுதியிலும் இது கிடைக்கின்றது. முற்காலத்தில் இங்கிலாந்து நாட்டுச் சுரங்கமொன்றில் கிடைத்த தூய கிராபைட்டைத் துண்டுகளாக அறுத்தே பென்சில் செய்துவந்தனர். போரினால் அச்சரக்கு வரத்து நின்றபோது, பிரெஞ்சு நாட்டு அறிஞர் கான்தே என்பார் 1795-இல் கிராபைட்டுப் பொடியுடன் களிமண்ணைப் பிசைந்து சுட்டுக் கோலாக்கும் முறையைக் கண்டார். களிமண் மிகுந்தால் கோல் கடினமாகி வெளிறிய கோடு தரும். குறைந்தால் மென்மையாகிக் கரிய கோடு தரும். முன்னதற்கு எச் என்றும், பின்னதற்கு பி என்றும் எழுத்துக் குறியிடுவர். எச்பி, 2பி, 4பி ஆகிய மூன்றும் தொடக்க மாணவனுக்குப் போதும். பெட்டி நிறைய வாங்கி அடுக்கிவைப்பவன் பெரும்பாலும் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

முதலில் தாளில் ஆறு கட்டங்கள் வரைக. முதற்கட்டம் தாளின் வெண்மையாகவே இருக்கட்டும். ஆறாவது, பென்சிலால் இயன்ற அளவு கருமையாகட்டும். இடைநின்ற நான்கும் படிப்படியாகக் கருமை ஏறிவருதல் வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இப்பயிற்சியில் மூன்றாம் கட்டமும் நான்காம் கட்டமும் ஒன்றுபோலவே அமைந்துவிடுதல் பெரும்பாலோர்க்கு நேர்வதாகும். அழுத்தித் தேய்ப்பதனால் கருமை வாராது. தாளின் சொரசொரப்பு நசுங்கிப் பளபளப்பே வரும். மெல்லிய கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை இட்டே கருமை ஏற்றுதல் வேண்டும்.

அடுத்து, ஒரு முட்டையை வெள்ளைத் துணியின்மேல் வைத்து, இடப்பக்கச் சாளரத்திலிருந்து மட்டும் ஒளி வருமாறு அமைக்க. வலக்கையால் வரைவோர்க்கு இடப்பக்க ஒளியே ஏற்றது. கையின் நிழல் கோட்டின்மேல் விழாது. இனி, கண்களைச் சற்றுச் சுருக்கி முட்டையை நோக்குக. சாளரத்தை நோக்கிய இடம் மிகவும் ஒளிர்கின்றது. அங்கிருந்து விலக விலக ஒளி மங்குகின்றது. முட்டையின் வளைவு ஒளியைவிட்டு முற்றும் திரும்பும் இடத்தில் இருள் தொடங்குகின்றது. இருள் அவ்வாறே வலப்பக்க விளிம்பு வரையில் மிகுந்துகொண்டே செல்லும் என்று மாணவன் எண்ணுகிறான், எண்ணியவாறே வரைந்தும்விடுகிறான். உண்மை அதுவன்று. துணியில் பட்ட ஒளி மீண்டு எழுந்து முட்டையின் அடிப்புறத்தைத் தொடுகின்றது. ஆதலின் விளிம்பருகே இருள் சற்றே தெளிகின்றது. இதனை எதிரொளி என்பர். மிகக் கரிய பகுதி விளிம்பில் இல்லை. விளிம்பிற்கு உள்ளே ஒரு பட்டைபோல் கிடக்கின்றது. இதனைக் கண்டறிந்த நாளே மாணவன் சித்திரத்துள் புகுந்த நாளாகும். முட்டை துணியின்மேல் வீழ்த்தும் நிழல் மற்றொன்று. அது முட்டையைத் தொடும் இடத்தில் கருத்தும் கூர்மையாகவும், அகல அகல வெளிறியும் கலங்கியும் இருக்கும். அவ்வீழ்நிழல் இல்லாத முட்டை அந்தரத்தில் மிதப்பதாகத் தோன்றும்.

இங்கே சிறுவர் செய்யும் பிழைகள் பல. விரலால் தேய்த்து நிழலை மென்மையாக்குதல் அவற்றுள் தலையாயது. தேய்த்தால் உடனே வழுவழுப்பு வருகின்றது, மனமும் மகிழ்கின்றது. ஆனால் விரலின் எண்ணெய்ப்பசை தாளில் ஏறிய பின்னர் அவ்விடத்தில் கோடும் பிடிக்காது, ரப்பரும் உதவாது. பொருளைச் சுற்றிக் கரிய வேலி கட்டுவது இன்னொன்று. பொருள்களுக்கு இயற்கையில் வேலி இல்லை. ஒரு நிறம் முடிய மற்றொரு நிறம் தொடங்குகின்றது, அவ்வளவே.

நிழலிடும் முறைகள் மேலைநாட்டிலிருந்து வந்தவை என எண்ணுவோர் உளர். விஷ்ணுதர்மோத்தரம் என்னும் வடமொழி நூலின் சித்திரசூத்திரப் பகுதி, நிழலிடுதலை வர்த்தனை என்று பெயரிட்டு மூவகைப்படுத்துகின்றது. இலை நரம்பினைப் போலக் கோடுகளை இடுதல் ஒன்று. மிக நுண்ணிய கோடுகளால் இழைத்தல் ஒன்று. புள்ளிகளைச் செறித்தல் ஒன்று. பென்சிலைக் கனவிலும் கண்டிராத ஓவியர்க்கு உரைத்த இம்மூன்றும் இன்று பென்சில் பிடிக்கும் சிறுவனுக்கும் அப்படியே பொருந்துகின்றன. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் வழியில், தக்கலைக்கு அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனையில், உப்பரிகை மாளிகையின் மேல்தளச் சுவர்களில் 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் உள்ளன. அவற்றைச் சார்ந்த கேரள மரபில் புள்ளிகளால் உடலின் திரட்சியைக் காட்டுதல் சிறப்பாகப் பயிலப்படுவது. 1956-இல் இம்மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோதும் அவ்வரண்மனை கேரள அரசின் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. கலைக்கு எல்லைக்கோடு வரைதலும் எளிதன்று போலும்!

கோட்டின் போக்கும் கருதத்தக்கது. செந்துளுவன் பழத்தை வரையுமிடத்துப் பழத்தின் வளைவோடு கோடும் வளைதல் வேண்டும். பானையின் வயிற்றைச் சுற்றிக் கோடும் சுற்றுதல் வேண்டும். சுவருக்கு நேர்கோடே ஏற்றது. தொலைவினைக் காட்டுதற்கும் நிழலே துணை. அண்மையில் உள்ள தென்னை கரிதாகவும், அப்பாலுள்ள தோப்பு மங்கலாகவும், வான்விளிம்பில் மலைத்தொடர் வெளிறியும் தோன்றுவதனைச் சிதறால் குன்றின்மேல் நின்று நோக்குவார் நன்கு அறிவர்.

இவ்வளவும் பயின்ற மாணவன் பென்சிலும் தாளும் கொண்டு அக்குன்றின் சிற்பங்கள்முன் அமரலாம். தென்னாட்டுக் கோயில்களில் சிற்பங்களின் எதிரே நெடுநேரம் அமர்ந்து, ஆனந்த விகடன் இதழுக்காகத் தென்னாட்டுச் செல்வங்கள் என்னும் சித்திரத் தொடரை வரைந்த சில்பி (1919–1983) என்பாரின் படங்களை முன்னரே பார்த்துவிட்டுச் செல்லுதல் நலம். கல்லின் மேனியில் ஒளி எங்கே வழுக்குகின்றது, எங்கே தங்குகின்றது என்பதனை அவை தெளிவாக உணர்த்தும். ஒரே உருவத்தைத் தேர்ந்துகொள்க. எங்கேனும் கல் தேய்ந்திருப்பின், தேய்ந்தவாறே வரைக. இல்லாத மூக்கினை இட்டுநிரப்புதல் ஓவியனின் வேலையன்று. நிழலின் எல்லைகளை முதலில் மெல்லிய கோட்டால் விரைந்து குறித்துக்கொள்ளுதல் வேண்டும். ஏனெனில் ஞாயிறு ஒருவர்க்காகவும் நிற்பதில்லை. ஒரு நாழிகையில் நிழல்கள் இடம் மாறிவிடும். தொடங்கிய முகம் வேறு, எதிரே இருக்கும் முகம் வேறு என்னும் நிலை வந்துவிடும். அப்போது பழைய நிழலோடு புதிய நிழலைக் கலந்து வரையாது, பென்சிலை உறையில் இட்டு எழுந்துவிடுக. மறுநாள் அதே வேளையில், வானம் தெளிந்திருப்பின், அந்நிழல்கள் மீண்டும் அவ்விடத்திற்கு வந்து சேரும்.