யாரு நடக்கா இந்த வெயில்ல?

தூத்துக்குடி கிரேட் காட்டன் ரோட்டில் ஒரு பாத்திரக் கடை. குத்துவிளக்குக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு நெரிசல் பக்கம் திரும்பிற்று. "காரு நிறுத்த எடமில்ல சார். அதாம் யாவாரம் படுத்துட்டு" என்றார் கடை அண்ணாச்சி. நான் அங்கே இருந்த அரை மணி நேரத்தில் ஏழெட்டுப் பேர் வந்துபோனார்கள். இரண்டு பேர் பைக்கில் வந்தவர்கள். மற்றவர்கள் பஸ்ஸில் இறங்கி நடந்து வந்தவர்களும் பக்கத்துத் தெருக்காரர்களும். காரில் வந்தவர் ஒருவரும் இல்லை. நானே சாகுபுரத்தில் இருந்து பஸ் ஏறி வந்தவன்தான். இதைச் சொன்னதும் அண்ணாச்சி சிரித்தார். "அவங்க எங்க போயிருவாங்க? எப்படியும் வருவாங்க."

எப்படியும் வருகிறவர்களை யாரும் எண்ணுவதில்லை. பேச்சுக்காகச் சொல்லவில்லை. ஒரு சாலை எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடும் பொறியாளர்கள், அதில் ஓடும் வண்டிகளையெல்லாம் 'கார் அலகு' என்ற ஒரே அளவுக்கு மாற்றிக்கொள்வார்கள். சாலை விதிமுறைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் அட்டவணையில் காருக்கு 1; பஸ்ஸுக்கும் லாரிக்கும் அதைவிடக் கூடுதல். சைக்கிளுக்கு உண்டு, கைவண்டிக்கு உண்டு, மாட்டுவண்டிக்குக்கூட ஓர் எண் உண்டு. கையில் பையோடு நடந்துபோகிற ஆளுக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. கடைவீதியைப் பற்றி நாம் உறுதியாக நம்புகிற பல விஷயங்கள் இந்த விடுபட்ட எண்ணில் இருந்து பிறந்தவை.

"நம்ம ஊர் வெயிலுக்கு எவனும் நடக்க மாட்டான்"

நடக்கிறார்கள். வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேட்டார்கள். விவசாயமும் வீட்டுத்தொழிலும் நீங்கலாக நாட்டில் சுமார் 20 கோடிப் பேரின் விவரம் கிடைத்தது. வெளியே போகத் தேவையில்லாதவர்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், மற்ற எல்லா வழிகளையும்விட அதிகம் பேர் நம்பியது கால்களைத்தான். ஏறக்குறைய 4.5 கோடிப் பேர். அந்த 20 கோடியில் காரும் ஜீப்பும் வேனும் சேர்ந்தே நூற்றுக்கு மூன்று பேரைத் தொடவில்லை. இது பழைய கணக்கு. அதன்பிறகு பைக் பெருகிவிட்டது, விகிதம் மாறியிருக்கும். ஆனால் காரில் போகிறவர் ஊரில் பாதி என்கிற பிரமைக்கு அன்றும் ஆதாரமில்லை, இன்றும் இல்லை.

வெயிலைப் பொய் என்று சொல்ல எனக்கும் வாய் வராது. எங்கள் பக்கத்து உப்பளத்துக்காரர்கள் அதற்குப் பயந்தே விடியுமுன் பாத்திக்குப் போய்விடுகிறார்கள். வெயிலோடு எப்படி நடப்பது என்பதை இந்தக் கரையில் வெகு காலமாக அறிந்து வைத்திருந்த ஊர் ஒன்று சாகுபுரத்துக்கு அடுத்தாற்போலவே இருக்கிறது. காயல்பட்டினத்தின் பழைய தெருக்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒடுங்கிய சந்துகள் ஓடும். முடுக்கு என்பார்கள். பெண்கள் பொதுத்தெருவுக்கு வராமலே அக்கா வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் போய்வர ஏற்பட்ட வழிகள் அவை. பெண்ணைத் தெருவில் இருந்து மறைக்கிற ஏற்பாடுதானே இது என்று கேட்டால் மறுக்கமாட்டேன். எனக்கு வேண்டியது அதன் கட்டுமானம். இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர், நடுவில் இரண்டு மூன்று ஆள் போகிற அகலம். சூரியன் உச்சிக்கு வருகிற கொஞ்ச நேரம் தவிரத் தரையில் வெயில் விழாது. வண்டி நுழையாததால் சிறுபிள்ளையைத் தனியே அனுப்பலாம். முடுக்கில் நுழைந்தால் நாலு எட்டில் போகிற வீட்டுக்கு, பைக்கில் தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

இன்று ஊருக்கு ஊர் நடப்பது வேறு. சாலையை விரிக்கும்போது முதலில் சாய்வது ஓரத்து வேம்பும் புங்கையும். மரத்தையும் வெட்டிவிட்டு, வெயில் கொளுத்துகிறது, அதனால்தான் யாரும் நடப்பதில்லை என்று அறிக்கையும் எழுதிவிடுகிறோம்.

"கார் நிறுத்த இடமில்லாவிட்டால் கடை படுத்துவிடும்"

அண்ணாச்சியின் கவலை உலகத்துக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் பொதுவானது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துக் கடைவீதிகளில் 2006இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உங்கள் வாடிக்கையாளரில் நூற்றுக்கு எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று முதலாளிகளைக் கேட்டால் 41 என்றார்கள். வாடிக்கையாளர்களையே நிறுத்திக் கேட்டபோது வந்த எண் 22. நடந்து வந்தவர்களோ பாதிக்கு மேல். வீட்டுக்கு வீடு கார் வைத்திருக்கும் நாட்டிலேயே கடைக்காரரின் கணிப்பு இப்படி ஏறக்குறைய இரண்டு மடங்கு தவறுகிறதென்றால், டவுன் பஸ்ஸை நம்பி இருக்கிற நம் பஜாரில் எவ்வளவு தவறும்? காரில் வருகிறவர் கண்ணில் படுகிறார், ஹாரன் அடிக்கிறார், இடமில்லை என்று முகம் சுளிக்கிறார். நடந்து வருகிற அம்மா ஓசையில்லாமல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

இடக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு காரை நிறுத்த ஏறக்குறைய 5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் வேண்டும். அதே இடத்தில் ஐந்தாறு பைக் நிற்கும். கடைவாசலை அடைத்தபடி ஒரே கார் மதியம் முழுக்க நின்றால், அந்த வாசலுக்கு அன்று வாய்த்தது ஒரு குடும்பம். பெரும்பாலும் அந்தக் கார் பக்கத்துக் கடை முதலாளியுடையதாக இருக்கும் என்பதைத் தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கோபன்ஹேகனில் 1962இல் ஸ்ட்ரோயெட் கடைவீதியை நடப்பவர்களுக்கென்று ஒதுக்கியபோது அங்கேயும் கடைக்காரர்கள் கொதித்தார்கள். குளிர்நாட்டில் எவன் வெளியே நடப்பான் என்றார்கள். அவர்களுக்குக் குளிர், நமக்கு வெயில்! அந்த வீதி இன்றும் நடப்பவர்கள் வீதியாகவே இருக்கிறது. சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகல நடைபாதை திறந்தார்கள். வண்டியை முழுக்க நிறுத்திவிடவில்லை. அதன் பங்கைக் குறைத்து, நடப்பவர் பங்கைக் கூட்டினார்கள், அவ்வளவுதான். இன்று அங்கே மாலை நேரத்தில் பெஞ்சில் உட்கார இடம் பிடிப்பது பெரும்பாடு.

ஆனால் டென்மார்க் வரை போவானேன்? ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை நடக்கும் தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தங்கத்தேர் ஓடிய 2023 போன்ற வருடங்கள் என்றால் கேட்கவே வேண்டாம். கோயிலைச் சுற்றிய தெருக்களில் கார் ஊர முடியாது. தெரு முழுக்கத் தலை. அந்த நாட்களில் வளையல் கடையும் அல்வாக் கடையும் படுத்துப்போனதாக எந்த வியாபாரியும் சொல்லி நான் கேட்டதில்லை.

"ரோட்டை அகலப்படுத்தினால் நெரிசல் தீர்ந்துவிடும்"

கொஞ்ச காலத்துக்குத் தீரும். பிறகு அகலமான சாலையை நம்பிப் புது வண்டிகள் வந்து சேரும். அமெரிக்க நகரங்களின் பல ஆண்டுக் கணக்கை அலசிய துரான்டன், டர்னர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2011இல் வெளியிட்ட முடிவு இது: நெடுஞ்சாலையின் நீளமும் தடமும் எந்த விகிதத்தில் கூடுகிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடிவிடுகிறது. பெல்ட்டைத் தளர்த்தி எவனும் தொப்பையைக் குறைத்ததில்லை. துறைமுக லாரிகளுக்கு அகலச் சாலை வேண்டும், அது வேறு விஷயம். பஜாருக்குள் அதே மருந்தைக் கொடுத்தால் முதலில் காணாமல்போவது நடைபாதை.

"நடக்கிறவன்தான் குறுக்கே பாய்கிறான், அடிபடுகிறான்"

எனக்கு ஆத்திரம் வருகிற நம்பிக்கை இதுதான். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஒரு நாளைக்குச் சராசரி தொண்ணூறு பேர். இத்தனை பேரும் புத்திகெட்டு வண்டிமுன் பாய்ந்தார்களா?

எந்த ஊர்க் கடைவீதி நடைபாதையிலும் ஏறிப் பாருங்கள். ஏறத்தான் வேண்டும், ஏனென்றால் பல இடங்களில் அது முழங்கால் உயரம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட விதிமுறைப்படி நடைபாதை சாலையில் இருந்து 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. அரை அடி. கடைவீதியில் தடையில்லாத அகலம் குறைந்தது 2.5 மீட்டர், குடியிருப்புத் தெருவில் 1.8 மீட்டர். நம் நடைபாதையோ சாக்கடைக்கு மூடி. அதனால்தான் அந்த உயரம். பத்தடிக்கு ஒரு சரிவு, நடுவில் டிரான்ஸ்பார்மர், பிறகு ஒரு பெயர்ப்பலகை, பிறகு பைக் வரிசை. முட்டுவலிக்காரியான என் பெரியம்மா ஒருநாள் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ரோட்லயே போயிச் சாவலாம்ல" என்றாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். ஆனாலும் ரோட்டில்தான் இறங்கி நடந்தாள். நாளைக்கு ஏதாவது ஆனால் தப்பு அவள்மேல்தான் எழுதப்படும்.

கொல்வது வேகம். நடப்பவர்மீது மோதும் கார் 50 கிலோமீட்டர் வேகத்துக்குப் பதிலாக 65இல் வந்தால், அவர் இறந்துபோகும் வாய்ப்பு நாலரை மடங்காகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இந்த உடைந்த எலும்புகளை ஆண்டுக்கணக்கில் பார்த்துச் சலித்த கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் 2025 மே 14 அன்று, தடையற்ற நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு சொன்னது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆக, நடைபாதை நகராட்சி போடுகிற பிச்சை அல்ல.

"நடைபாதைக் கடைகளை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்"

பாதி உண்மை. பூக்காரம்மாவின் கூடையைத் தாண்ட முடியாமல் நானும் சாலையில் இறங்கியிருக்கிறேன். ஆனால் அதே நடைபாதையில் துணிக்கடைப் பொம்மைகள் நாலடி முன்வந்து நிற்பதை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. தெருவோர வியாபாரிகளுக்கு 2014இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. அவர்களைக் கணக்கெடுத்து, சான்றிதழ் கொடுத்து, இடம் ஒதுக்கிய பிறகே மற்றதைப் பேச வேண்டும் என்பது அதன் சாரம். கணக்கெடுக்காமல் லாரியோடு வந்து தராசைத் தூக்கிப்போவது சுலபம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஒரு தெருவில் பெண்கள் பயமில்லாமல் நடக்க, விளக்கும் ஆள்நடமாட்டமும் தருவது அந்தச் சுண்டல் வண்டிதான் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

"திட்டமிட்டுக் கட்டிய ஊரில்தான் நடக்க முடியும், பழைய ஊரில் முடியாது"

இதற்கு எங்கள் ஊரையே உதாரணம் காட்டுவார்கள். சாகுபுரம் ஒரு ஆலை பெற்ற ஊர். குஜராத்தின் தாரங்கதாராவில் சோடா உப்பு காய்ச்சிய நிறுவனம் 1950களின் இறுதியில் ஆறுமுகநேரி அருகே காஸ்டிக் சோடா ஆலை வைத்தது. உப்பு கையெட்டும் தூரத்தில் கிடைத்தது காரணம். நிறுவனத்துச் சாகு ஜெயின் குடும்பத்தின் பெயரே ஊருக்கு நின்றது. ஆலை, குடியிருப்பு, கமலாவதி பள்ளி எல்லாம் நடக்கிற தூரம். பிள்ளைகள் பைக்கட்டோடு நடந்தே பள்ளிக்கூடம் போகலாம், ஷிப்டுக்குச் சைக்கிள் போதும். இதில் பொய்யில்லை.

ஆனால் இங்கே பஜார் கிடையாது. நல்ல மீன் வேண்டுமென்றால், கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வேண்டுமென்றால், வெளியே போயாக வேண்டும். காயல்பட்டினத்தை ஒருவரும் வரைபடம் போட்டுக் கட்டவில்லை. அங்கே கடை, பள்ளிவாசல், உறவுக்காரர் வீடு, கடற்கரை எல்லாம் காலுக்கு எட்டும். நடக்க வைப்பது நேர்க்கோட்டுத் தெரு அல்ல. போய்ச் சேர வேண்டிய இடங்கள் அருகருகே இருப்பது. பழைய தூத்துக்குடியும் அப்படி வளர்ந்த ஊர்தான். 1876இல் ரயில் வந்த பிறகு, கொழும்புக்குப் போகிறவர்கள் இங்கே ரயிலில் இருந்து இறங்கிக் கப்பல் ஏறினார்கள். துறை, கோயில், கிட்டங்கி, கடைத்தெரு எல்லாம் ஒன்றையொன்று ஒட்டியே எழுந்தன. அந்த நெருக்கத்தைத்தான் இப்போது 'இடைஞ்சல்' என்கிறோம். புது பஸ் நிலையம், புது அலுவலகம் என்று ஒவ்வொன்றையும் ஊருக்கு வெளியே தள்ளிவிட்டு, போக வண்டி வேண்டுமே என்று கவலைப்படுகிறோம்.

பஸ் பற்றியும் ஒரு நம்பிக்கை உண்டு, அது ஏழைகளுக்கான ஏற்பாடு என்று. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபின் அந்த 'ஏழைகள்' எத்தனை இடங்களுக்குப் போக ஆசைப்பட்டுக்கொண்டு வீட்டில் இருந்தார்கள் என்பது தெரிந்தது. பஸ் ஏறுகிற ஒவ்வொருவரும் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் நடக்கிறவர். டிக்கெட்டை நீக்கிய கை நிறுத்தத்தில் இருந்து கடைவரை உள்ள முந்நூறு மீட்டரையும் பார்க்க வேண்டும்.

குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு அன்று சாயங்காலம் திருச்செந்தூர் பஸ்ஸில் திரும்பினேன். பழையகாயல் தாண்டியதும் பச்சை வேட்டியில் பாதயாத்திரைக்காரர்கள் தென்பட ஆரம்பித்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண், காவடி தூக்கிய பையன், செருப்பில்லாத ஒரு தாத்தா. தூத்துக்குடியில் இருந்து திருச்செந்தூர் சுமார் 40 கிலோமீட்டர். திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு நடக்கிறவர்களுக்குச் சாலையோரம் தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். இவர்கள் போனது வெள்ளைக்கோட்டுக்கும் முள்செடிக்கும் இடையே இருந்த மண்ணில். உப்பு லாரி ஒன்று எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு போக, பின்னால் வந்த தாத்தா முள்ளுக்குள் ஒதுங்கி நின்றார். பக்கத்துச் சீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டே சொன்னார்: "இந்தக் காலத்துல யாரு சார் நடக்கா?"