வயலில் தெளித்த மருந்தும் ஏரிக்கரைப் பேரக்குழந்தையும்



பழவேற்காடு ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆரணியாறு, பொன்னேரிப் பகுதி நெல்வயல்களின் வடிகால் நீரையும் சுமந்துகொண்டு இவ்வேரியில் கலக்கிறது. மடவையும் இறாலும் நண்டும் இந்நீரில்தான் வளர்கின்றன. எனவே சம்பா நெல்லுக்கு நாம் அடிக்கும் பூச்சிமருந்து வயலோடு நின்றுவிடுவதில்லை. கரையோரக் குப்பங்களில் வாழும் மீனவக் குடும்பங்களின் உணவிலும் அது சேரக்கூடும்.

நஞ்சு சேரும் விதம்

டி.டி.டி., பி.எச்.சி. போன்ற குளோரின் கலந்த மருந்துகள் எளிதில் சிதைவதில்லை. இவை நீரில் கரையாமல் கொழுப்பில் தங்கும். சேற்றில் படிந்த நஞ்சு புழுவுக்கும், புழுவை உண்ணும் சிறு மீனுக்கும், அதை உண்ணும் பெரிய மீனுக்கும் சென்று படிக்குப்படி செறிவடைகிறது. 1990ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் தமிழ்நாட்டுத் தாய்மாரின் பாலிலேயே இவற்றின் எச்சம் காணப்பட்டது. டி.டி.டி.யை வேளாண்மையில் பயன்படுத்துவது 1989இலும், பி.எச்.சி. 1997இலும் தடை செய்யப்பட்டன.

மூன்று தலைமுறைக்கு ஒரே நஞ்சு

பெண் சிசு தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. ஆகவே கர்ப்பிணியின் உடலில் சேரும் நஞ்சு அவளையும், மகளையும், நாளைய பேரக்குழந்தைக்குரிய கருமுட்டையையும் ஒருங்கே சென்றடையக்கூடும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1959 முதல் 1967 வரை கர்ப்பிணிகளிடம் எடுத்த குருதி சேமித்து வைக்கப்பட்டிருந்தது. 2021இல் வெளியான ஆய்வின்படி, பாட்டியின் குருதியில் டி.டி.டி. மிகுந்திருந்ததற்கும், பேத்தியின் உடற்பருமன், இளவயதில் பூப்படைதல் ஆகியவற்றிற்கும் தொடர்பு காணப்பட்டது. தெளித்தவர் மறைந்த பின்னும் விளைவு தொடரக்கூடும் என்பதே இதன் பாடம்.

இன்றைய மருந்துகள் பெரும்பாலும் விரைவில் சிதைபவை. ஆயினும் செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் மீனையும் கொல்லும். பாஸ்பரஸ் கலந்த சில மருந்துகள் சிசுவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும்.

உழவர்கள் செய்ய வேண்டியவை

1. பூச்சியின் சேதம் பொருளாதாரச் சேத நிலையை எட்டினால் மட்டுமே மருந்து தெளிக்கவும்.

2. முதலில் 5 சத வேப்பங்கொட்டைச் சாற்றைப் பயன்படுத்தவும். 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கித் தெளிக்கலாம்.

3. மழை வரும் அறிகுறி இருந்தால் தெளிப்பைத் தள்ளிவைக்கவும். தெளித்த பின் சில நாட்கள் வயல் நீரை வடிகாலில் திறந்துவிடக் கூடாது.

4. தெளிப்பானையும் டப்பாவையும் வாய்க்காலிலோ ஆற்றிலோ கழுவக் கூடாது. காலி டப்பாவில் குடிநீர் வைக்கவே கூடாது.

5. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மருந்து கலக்குவதோ தெளிப்பதோ கூடாது.

மீனவக் குடும்பங்களுக்கு

ஈ மொய்க்காமல் இருக்கக் கருவாட்டின் மேல் பூச்சிமருந்து தூவுவது பெருங்கேடு. போதிய உப்பிட்டு, உயரமான பரணில் வலை போர்த்திக் காயவைத்தல் நலம். செத்து மிதக்கும் மீனைச் சமைக்க வேண்டாம். இதைப் படித்து அஞ்சி மீன் உணவையோ தாய்ப்பாலையோ நிறுத்திவிடக் கூடாது. இரண்டினாலும் குழந்தைக்குக் கிடைக்கும் நன்மை மிகப் பெரிது.

உழவர் வயலின் வடிகால் மீனவர் வலையில் போய் முடிகிறது. நம் பேரக்குழந்தைகளின் நலம் காக்கும் அக்கறையோடு அவர்களின் பேரக்குழந்தைகளின் நலனையும் காப்பது நம் கடமையாகும்.