உறங்கும் வங்கிக் கணக்கும் அதனை மீட்கும் முறையும்

வெளியூர் சென்று உழைக்கும் தொழிலாளி ஒருவர், சொந்த ஊர் வங்கியில் சேமித்த பணத்தை மூன்றாண்டுகள் தொடாது விட்டார் எனக் கொள்வோம். திரும்பி வந்து பணம் கேட்குங்கால், “கணக்கு செயல்படவில்லை” என்னும் விடை கிடைக்கிறது. பணம் போய்விட்டதோ என அவர் அஞ்சுதல் இயல்பே. எனினும் பணம் அழியவில்லை. அதனை எடுக்கும் வழி மட்டுமே அடைபட்டுள்ளது.

இதன் காரணம் யாது? ரிசர்வ் வங்கி 2024 ஜனவரி 1-ல் வெளியிட்ட விதிகளின்படி, வாடிக்கையாளர் தாமே செய்யும் செயல் எதுவும் இரண்டாண்டுகளுக்கு மேல் இல்லாத சேமிப்புக் கணக்கு, செயல்படாத கணக்காகும். பிறர் அதனைத் திருட்டுத்தனமாகக் கையாளாதவாறு காத்தலே இதன் நோக்கம். வங்கி வரவு வைக்கும் வட்டியும், பிடித்துக்கொள்ளும் கட்டணமும் வாடிக்கையாளரின் செயலாகா. ஆனால் கைப்பேசிச் செயலியிலோ இணைய வங்கிச் சேவையிலோ ஒருமுறை முறையாக உள்நுழைதலும் செயலாகவே கொள்ளப்படும். உதவித்தொகை முதலிய அரசு நலத்திட்டங்களுக்கெனத் தொடங்கிய இருப்பில்லாக் கணக்குகட்கு இவ்விரண்டாண்டு விதி பொருந்தாது.

மீட்கும் முறை எளிது. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொண்டு அவ்வங்கியின் எக்கிளையிலும் விண்ணப்பிக்கலாம். கணக்கு தொடங்கிய கிளைக்கே செல்லவேண்டுவதில்லை. குறைவற்ற விண்ணப்பம் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கி ஆவன செய்தல் வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. குறைந்த இருப்பு இல்லையென அபராதமும் விதித்தலாகாது. சேமிப்புக் கணக்காயின், செயலற்ற காலத்திற்கும் வட்டி உண்டு.

பத்தாண்டுகள் கழியின், தொகை 2014-ல் அமைந்த வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்பெறும். அப்பொழுதும் உரிமை ஒழிவதில்லை. வைப்பாளரோ வாரிசோ அதே வங்கியிற் கோரிப் பெறலாம். எவ்வங்கி என அறியாதார், 2023-ல் தொடங்கப்பெற்ற ‘உத்கம்’ இணையதளத்தில் தேடலாம். அது தேடுதற்கு மட்டுமே. பணம் பெற வங்கியையே நாடல் வேண்டும்.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் மக்களுக்கு வலியுறுத்த வேண்டுவன மூன்று:

1. ஆண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கை இயக்குக.
2. கைப்பேசி எண் மாறின் உடனே வங்கிக்குத் தெரிவிக்குக.
3. கணக்கை மீட்டுத் தருவதாகக் கூறிக் கட்டணமோ ஒருமுறைக் கடவுஎண்ணோ கேட்பவரை நம்பற்க.