சேப்டி ஷூ விற்பனை: அளவும் இருப்பும்

சோழவந்தான் வட்டாரத்தில் அரிசி ஆலை, வெல்டிங் பட்டறைத் தொழிலாளர்கள் இப்போது சேப்டி ஷூ கேட்டு வருகிறார்கள். செருப்பு விற்ற பழக்கத்தில் நாம் நம்பரை மட்டும் கேட்டுப் பெட்டியை நீட்டி விடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

சாதாரணத் தோல் ஷூ நாளடைவில் காலுக்கு இளகிக் கொடுக்கும். ஐ.எஸ். 15298 இரண்டாம் பாகத்தின்படி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டிய முனைத் தொப்பி இளகாது. இன்று விரலைக் கடித்தால் என்றும் கடிக்கும். முனையை அமுக்கிப் பார்ப்பதிலும் பயனில்லை. கயிற்றைத் தளர்த்தி, காலை முன்னே தள்ளச் சொல்லுங்கள். குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைந்தால் அளவு சரி. கெட்டிக் காலுறையுடன், இரு கால்களிலும், நிற்க வைத்தே பார்க்க வேண்டும். மாலையில் கால் சற்றுப் பருத்திருக்கும். அந்நேரத்து அளவே நம்பகமானது.

அடுத்து இருப்பு. விலை மலிவு என்று ஒருமுறை பழைய சரக்கை மொத்தமாக வாங்கி அடுக்கினோம். ஆலைத் தொழிலாளி ஒருவர் வாங்கிப் போன பதினைந்தாம் நாள், பிட்டுப் பிட்டாக உதிர்ந்த சோலுடன் வந்து நின்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அலைச்சலில் அவர் இழந்த கூலியை என்ன செய்வது?

பி.யூ. சோல் காற்றின் ஈரத்தாலேயே, அணியாமலே கெட்டுவிடும். ஆகவே தயாரித்த மாதத்தைப் பார்த்துக் கொள்முதல் செய்து, முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும். தீப்பொறி பறக்கும் பட்டறைக்கு ரப்பர் சோலே ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டிகளைச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். தோலும் பூஞ்சை பிடிக்கும்.