பத்து கிராம் உயிருக்கு எந்தச் சூடு?

பொரித்த அன்று காடைக்குஞ்சை உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. 8 முதல் 10 கிராம்தான். கோழிக்குஞ்சில் கால் பங்கு. உடம்பு சிறுத்தால் சூடு சீக்கிரம் போய்விடும். பண்ணையில் பத்து வருஷம் கோழி வளர்த்தவர்கள்கூட முதல் காடை ஈட்டில் திணறுவது இதனால்தான்.

சூட்டைப் பற்றிப் பேசும் முன் ஒரு கேள்வி: ஒரு நாள் குஞ்சா, இரண்டு வாரக் குஞ்சா? இரண்டு வாரம் வளர்த்துக் கொடுக்கும் குஞ்சுக்கு விலை கூடுதல். ஆனால் சாவு பெரும்பாலும் அந்த முதல் இரண்டு வாரத்தில்தான் விழுகிறது. அதை விற்றவர் தலையில் போட்டுவிட்டு நீங்கள் தப்பிக்கலாம். வீட்டுக்கு ஐம்பது காடை போதும் என்பவர் இரண்டு வாரக் குஞ்சையே வாங்கட்டும். தொழிலாகச் செய்ய நினைப்பவருக்கு அது சரிவராது. ஒவ்வொரு ஈட்டுக்கும் அந்தக் கூடுதல் விலையைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் லாபம் அங்கேயே கரைந்துவிடும். அவர் 100 ஒரு நாள் குஞ்சில் தொடங்கிப் பழகட்டும். நந்தனம் காடை, நாமக்கல் காடை எனத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய இனங்கள் இருக்கின்றன. எந்த இனமானாலும் குஞ்சுக்குத் தேவைப்படும் சூடு ஒன்றுதான்.

முதல் வாரம் குஞ்சு நிற்கும் உயரத்தில் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். இந்தச் சூட்டை எதில் கொடுப்பது?

குண்டு பல்பு எல்லோருக்கும் தெரிந்த வழி. குஞ்சுக்கு ஒரு வாட் என்பது நடைமுறைக் கணக்கு. 100 குஞ்சுக்கு 100 வாட் என்றால் நாள் முழுக்க எரிந்தாலும் 2.4 யூனிட்தான். ஆனால் ஒரே 100 வாட் பல்பைத் தொங்கவிடாதீர்கள், இரண்டு 60 வாட் பல்பு போடுங்கள். நடுராத்திரியில் ஒன்று ஃபியூஸ் போனால் மற்றது காப்பாற்றும். இதில் நான் பட்ட அடி ஒன்று உண்டு. ஒரு மார்கழியில் கடையில் 60 வாட் பல்பு கேட்டேன். 'அதே வெளிச்சம் தரும்' என்று 9 வாட் எல்இடி ஒன்றைக் கொடுத்தார்கள். வெளிச்சம் பிரமாதமாகத்தான் இருந்தது. விடியற்காலையில் பார்த்தால் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து, அடியில் இருந்தவை நசுங்கிக் கிடந்தன. எல்இடி வெளிச்சத்துக்கு மட்டும்தான். குஞ்சுக்கு வேண்டிய சூடு அதில் வராது.

200, 250 குஞ்சு என்றால் 250 வாட் இன்ஃப்ராரெட் பல்பு நல்லது. சிவப்பு வெளிச்சத்தில் ஒன்றையொன்று கொத்துவதும் குறையும். நாளுக்கு 6 யூனிட் ஓடும், பல்பும் விலை அதிகம். தண்ணீர் தெறித்தால் வெடித்துவிடும். கயிற்றில் கட்டாமல் சங்கிலியில் தொங்கவிடுங்கள்; கூளத்தில் விழுந்தால் கொட்டகையே போய்விடும்.

கேஸ் புரூடர் ஐந்நூறு, ஆயிரம் என்று இறக்குபவர்களுக்கு. கரண்ட் போனாலும் கவலையில்லை என்பது அதன் பெரிய பலம். ஐம்பது குஞ்சுக்கு அதை வாங்குவது வீண்செலவு.

கரிச்சட்டியைப் பலர் சொல்வார்கள். செலவு குறைவு என்பது உண்மைதான். சாக்குப் படுதா இறக்கி மூடிய கொட்டகையில் கரி புகைந்தால் விஷவாயு தங்கும். குஞ்சும் சாகும், உள்ளே படுத்திருக்கும் ஆளுக்கும் ஆபத்து. கரண்ட் போன சில மணி நேரத்துக்கு, வெந்நீர் நிரப்பி மூடிய பாத்திரங்களைச் சாக்கில் சுற்றி நடுவில் வைப்பதே என் வழி.

எதைத் தேர்ந்தாலும் தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுதான் சரியாகச் சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர். குஞ்சுகளைச் சுற்றி நிறுத்திய தடுப்புத் தகட்டின் ஓரம் ஒதுங்கி வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம். ஒரே மூலையில் ஒண்டினால் எதிர்ப்பக்கம் காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்தும் தின்றும் திரிந்தால் பல்பின் உயரம் சரி. சித்திரைப் பகலில் கொட்டகையே 38 டிகிரிக்குப் போகும்போது பல்பை அணைக்கத் தயங்காதீர்கள்.

அடுத்தது தரை. நெல் உமி, கடலைத்தோல், மரத்தூள் எதுவானாலும் காய்ந்திருக்க வேண்டும். பூசணம் பிடித்த கூளத்திலிருந்து நுரையீரல் நோய் வரும், குஞ்சு வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறும். முதல் சில நாள் கூளத்தைத் தின்னாமலிருக்க மேலே ஏதாவது விரிக்க வேண்டும். எல்லோரும் செய்தித்தாளை விரிக்கிறார்கள். அது வழுக்கும், வழுக்கினால் கால் இரண்டும் அகன்று குஞ்சு நிரந்தரமாக முடமாகிவிடும். அட்டைப்பெட்டியின் வரிவரியான உள்தாள் அல்லது பழைய சாக்கு போதும். கூண்டில் வளர்ப்பதானால் 3 அடி நீளம், 2.5 அடி அகலத்தில் 100 குஞ்சை இரண்டு வாரம் வரை வைக்கலாம். கழிவு கீழே விழுவதால் நோய் குறைவு; ஆனால் கால் இறங்காத கால் அங்குலக் கண்ணி வலை வேண்டும். குளிர்காலத்தில் அடியிலிருந்து காற்று ஏறும். முதல் ஈட்டுக்கு நான் கூளத்தையே சொல்வேன்.

தீவனத்தில் பெரிய குழப்பம் இல்லை. காடைக்குஞ்சுக்குப் புரதம் 24 முதல் 27 சதவீதம் வேண்டும். காடைத் தீவனம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காத ஊரில் பிராய்லர் பிரி-ஸ்டார்ட்டரை மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுக்கலாம். அப்படியே போட்டால் அந்தச் சின்ன அலகுக்குள் போகாது. முட்டைக்கோழித் தீவனம் மட்டும் கூடவே கூடாது. புரதம் போதாது, சுண்ணாம்புச் சத்தோ குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அளவுக்கு இருக்கும்.

தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டோ கூழாங்கல்லோ நிரப்புங்கள். இல்லாவிட்டால் அரை அங்குலத் தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும்.

நோய்க்கு மருந்துப் பெட்டியை முதலில் திறக்காதீர்கள். முதல் வாரச் சாவில் பெரும்பகுதி குளிரும் தாகமும்தான். சூடும் தண்ணீரும் சரியாக இருந்தும் குஞ்சு கூனிக்குறுகி வெள்ளையாக நீராய்க் கழிந்தால் குடற்புண் நோயாக இருக்கலாம். இறந்ததை எடுத்துக்கொண்டு அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். கோழி நிற்கும் கொட்டகையில் காடையை வைக்காமலிருப்பது பாதி வைத்தியம்.

மூன்றாம் வாரம் ஒரு இரவு பல்பை அணைத்துவிட்டு அரை மணி நேரம் நின்று பாருங்கள். பரவிப் படுத்தால் சூடு இனி வேண்டாம்; குவிந்தால் இன்னும் இரண்டு இரவு எரியட்டும். முழு இருட்டாக்கினால் மிரண்டு மூலையில் அப்பிக்கொள்ளும், ஒரு சின்ன விளக்கு வேண்டும். என் 9 வாட் எல்இடிக்கு அங்கேதான் வேலை கிடைத்தது.